பனி தங்காத ஆடுகள்

எர்மெக் பதினாறு வருடங்களாகக் குடித்துத் தீர்த்த ஆடுகள் அத்தனையும், ஓர் இலையுதிர்காலக் காலையில், முதல் பனி விழுந்துகொண்டிருந்தபோது அவன் வீட்டு முற்றத்துக்குத் திரும்பி வந்தன. அந்த வருடம் கோக்-ஜார் ஊரில் உருளைக்கிழங்கு விலை சரிந்திருந்தது, காய்ந்த புல்லின் விலை ஏறியிருந்தது. அடுப்புக்கு வறட்டி எடுக்கக் கூடையோடு கதவைத் திறந்த அவன் மனைவி புருல்தான் முதலில் பார்த்தாள். போன வரிசையிலேயே அவை நின்றன. எல்லாவற்றுக்கும் முன்னால், நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த கறுப்புப் பெட்டையாடு. அவள் பிறந்த வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தது, மகள் மீரிம் பிறந்த அன்று கடைக்குப் போய் வோட்காவாகத் திரும்பியது. அதன் பின்னால் டிராக்டர் பழுது நீங்கிய நாளுக்கு ஒன்று, அது மறுபடி பழுதான நாளுக்கு ஒன்று. நண்பன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனதற்கு ஒன்று, எர்மெக் போகாததற்கு ஒன்று. கடைசியில் நான்கு பசுக்களும், பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத ஒரு கன்றும். எல்லாவற்றின் காதிலும் அவர்கள் வீட்டுக் குறி இருந்தது: வலது காதின் நுனி வெட்டு, இடது காதில் தகைவிலான் குருவியின் வாலைப் போலப் பிளவு. ஆட்டை வாங்குகிறவர் தன் குறியை மேலே வெட்டிக்கொள்வது வழக்கம். கடைக்காரி ஜிர்கல் அதற்கெல்லாம் மெனக்கெட்டதில்லை. அவளிடம் போன ஆடு மறுநாளே லாரி ஏறி நகரத்துக்குப் போய்விடும்.

புருல் கறுப்பாட்டின் முதுகில் கை வைத்தாள். கை புகைக்குள் போவதுபோல் உள்ளே போய் மறுபக்கம் வந்தது. விழுந்த பனியும் அப்படித்தான் ஊடுருவித் தரையில் தங்கியது. ஆடுகளின் முதுகில் ஒரு துளி வெள்ளை இல்லை. அது ஒன்றை விட்டால் அவை மற்ற ஆடுகளைப் போலத்தான் இருந்தன. வாய் மட்டும் நிஜம். மதியத்துக்குள் புல் போரின் ஒரு பக்கத்தைத் தின்று முடித்திருந்தன. கறக்க முடியாது, மயிர் கத்தரிக்க முடியாது, அறுக்க முடியாது, விற்க முடியாது. தின்னும். அவ்வளவுதான்.

ஊர் வந்து பார்த்தது. ஆண்கள் வேலிமேல் முழங்கையை ஊன்றி நின்று, நல்ல மந்தை, வால் கொழுப்பு எடை பிடித்திருக்கிறது என்றார்கள். எர்மெக் தொப்பியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகளின் நடுவே நடந்தான். கெட்டவன் என்று அவனை யாரும் சொன்னதில்லை. கை நீட்டி அடித்ததில்லை, பாட்டு நன்றாகப் பாடுவான், யார் வீட்டு வண்டி சேற்றில் மாட்டினாலும் முதல் ஆளாகத் தோள் கொடுப்பான். புருலுக்கு ஆத்திரமே அதுதான். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் அவள் பக்கம் பேச நாலு பேராவது இருந்திருப்பார்கள்.

"பாத்தியா புருல், எத்தனை உருப்படின்னு! இந்தப் பள்ளத்தாக்குல எவன்கிட்ட இருக்கு இவ்ளோ?"

"எண்ணிக்கிட்டே இரு. அப்படியே ஒண்ணப் பிடிச்சு அறு பாப்போம், ராத்திரிக் குழம்புக்கு."

மந்தை திரும்பியதைக் கொண்டாட வேண்டும் என்றார்கள் நண்பர்கள். பட்டியில் உயிரோடு இருந்த ஏழு ஆடுகளில் ஒன்று அன்று மாலை கடைக்குப் போனது. விடிந்தபோது அது முற்றத்தில் மற்றவற்றோடு நின்று, பனி தன்னை ஊடுருவ, சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.

வசந்தம் வந்ததும் மேய்ச்சல் குழுத் தலைவர் ஒமுர்ஜக் குதிரையில் வந்தார். மலைக்குப் போகும் ஒவ்வோர் உருப்படிக்கும் ஊருக்குக் காசு கட்ட வேண்டும். தவிர, ஊர் மந்தையைச் சம்பள ஆள் மேய்ப்பதில்லை; வீட்டுக்கு வீடு முறை வைத்து, பத்து ஆட்டுக்கு ஒரு நாள் என்று மேய்ப்பார்கள். அவர் குதிரையை விட்டு இறங்காமலே சாட்டைக் காம்பால் சுட்டிச் சுட்டி எண்ணினார். பட்டியில் இருந்த ஆறு ஆடுகளையும் எண்ணினார், முற்றத்தில் நின்றவற்றையும் எண்ணினார்.

"அண்ணே, இதெல்லாம் செத்துப்போன ஆடு. அவரு குடிச்ச ஆடு."

"காதுல யார் குறி இருக்கு மதினி?"

"எங்க குறிதான். அதுக்கு?"

"புல்லு திங்குதா, திங்கலியா?"

"திங்குது."

"அப்புறம் என்ன? ஊர்ப் புல்லுல்ல?"

ஆட்டைப் புருல்தான் வளர்த்தாள். குட்டி போடும் இரவுகளில் பட்டியில் படுத்தாள். அது போனது, காசும் போனது. இப்போது அது தின்கிற புல்லுக்கும் அவள்தான் கட்ட வேண்டும் என்கிறார், அந்த வோட்காவில் பாதியைக் குடித்த மனிதர். அந்தக் கோடை முழுவதும், அடுத்த கோடையும், மற்ற வீட்டுக்காரிகள் மாதத்துக்கு ஒருமுறை மேய்த்துவிட்டுத் தயிர் உறைய வைத்துக்கொண்டிருக்க, புருல் மூன்று நாளுக்கொரு தரம் ஊர் மந்தையை மலையேற்றினாள். மழை பெய்தால் தன் மந்தையிலிருந்து ஈரக் கம்பளி நாற்றத்துக்குப் பதிலாக வோட்கா நாற்றம் எழும். அதைச் சுவாசித்துக்கொண்டே நடந்தாள். உயிருள்ள ஆடுகள் ஒவ்வொன்றாக மேய்ச்சல் காசுக்குப் போயின. எர்மெக்குக்கு முட்டி வலி, மலையேற முடியவில்லை. கடை வரைக்கும் நடக்க முடிந்தது.

மிஞ்சியது சாம்பல் நிறப் பெண்குதிரை ஒன்று. புருலின் தம்பி குட்டியாகக் கொடுத்தது. அது மீரிமுக்கு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மீரிம் பள்ளி முடித்து, நகரத்து நர்சுப் பள்ளியில் இடமும் வாங்கியிருந்தாள். பணம் கட்டினால்தான் இடம். குதிரை போனால்தான் பணம். அடுத்த ஞாயிறு சந்தைக்கு ஓட்டிப் போவதாக இருந்தார்கள். வெள்ளிக்கிழமை பனி கொட்டியது. காலையில் புருல் கதவைத் திறந்தபோது, ஆடுகளின் நடுவே, ஆள் உயரத்தில், ஒரு சாம்பல் குதிரையின் தலை மட்டும் நின்றது. தலையும் பாதிக் கழுத்தும். அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை, வேலிதான் தெரிந்தது. தலை அவளைப் பார்த்துக் காதை முன்னால் மடித்தது. பனி அதன் ஊடாக இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் கொட்டகைக்குப் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. உள்ளே போய், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவனின் போர்வையை இழுத்தாள். எர்மெக் கண்ணைத் திறக்காமலே, குளிர்காலம் முழுக்கக் குடிக்கக் குதிரையைக் கடையில் கொடுத்தாயிற்று, இனிமேல் ஒரு ஆடுகூடப் போகாது, யோசித்துத்தான் செய்தேன் என்றான். புருல் காலணியை மாட்டிக்கொண்டு, ஒரு காசு பெறாத அந்த யோசனையைத் திட்டிக்கொண்டே கடைக்கு நடந்தாள். மீரிம் பின்னால் ஓடிவந்தாள். தாயும் மகளும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மந்தை முழுவதும், குதிரைத் தலையோடு, தங்கள் பின்னால் வருவதைக் கண்டிருப்பார்கள்.

கடைவாசல் கம்பத்தில் குதிரை கட்டியிருந்தது, முழுசாக, முதுகில் பனியோடு. ஒமுர்ஜக்கும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் அதன் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கயித்தோடயா குடுத்தாரு?" என்றாள் புருல். குதிரையை விற்றாலும் கயிற்றை விற்பதில்லை. கயிறு போனால் வீட்டின் விருத்தியே கூடப் போய்விடும்.

ஜிர்கல் கையைப் பிசைந்தாள். "அவரே கொண்டாந்து கட்டினாரு அக்கா. நான் என்ன செய்ய? எனக்கும் மூணு புள்ளைங்க."

"எவ்ளோ குடிச்சிருக்காரு?"

"நேத்துதான அக்கா ஆரம்பிச்சாரு. இவங்களும் கூட இருந்தாங்க."

"என் முத்தத்துல தலையும் பாதிக் கழுத்தும்தான் நிக்குது. குடிச்சது அவ்ளோதான். மிச்சம் என்னுது."

"அப்ப தலை என்னோடதுதான?"

"உன்னோடதுதான். கத்திய எடுத்துட்டு வா, வெட்டிக்க. நானே பிடிச்சுக்கிறேன்."

யாரோ சிரித்தார்கள். ஒமுர்ஜக் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வியாபாரம்னா வியாபாரம் மதினி, ஆம்பளைங்க பேசி முடிச்சது என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. சாம்பல் தலை புருலின் தோளைக் கடந்து காற்றில் மிதந்து போய், அவர் நெஞ்சை முகர்ந்து, கழுத்துப்பட்டிக்குள் மூக்கை நுழைத்தது. பிறகு பள்ளிக்கூட வாத்தியாரிடம் போனது. பிறகு லாரிக்காரனிடம். பின்னால் வந்த ஆடுகளும் அப்படியே ஆளுக்கு ஆள் பிரிந்து, தங்களைக் குடித்த வாயைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் நின்றன. மகள் பிறந்ததற்கு வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் ஒன்பது பேர். கறுப்புப் பெட்டையாடு ஒன்பது பேரிடமும் மாறி மாறிப் போய்க் களைத்தது. ஒமுர்ஜக்கைச் சுற்றி மட்டும் ஒரு சிறிய பட்டியே சேர்ந்துவிட்டது. அவர் நகர்ந்தார், அவை நகர்ந்தன.

"புல்லுக்குக் காசு கட்டிருங்க அண்ணே," என்றாள் புருல். "முறையும் இருக்கு. பத்து ஆட்டுக்கு ஒரு நாள். மலை வழி தெரியலன்னா சொல்லுங்க, எனக்கு நல்லாவே தெரியும். ரெண்டு வருசமா உங்க ஆட்டத்தான மேய்ச்சேன்."

அவள் முடிச்சை அவிழ்த்தாள். ஒருவரும் தடுக்கவில்லை. ஜிர்கல் மட்டும், நேற்றுப் போன புட்டிகளுக்காவது யாராவது பதில் சொல்லுங்கள் என்று ஆண்களைப் பார்த்துக் கத்தினாள். அது அவர்கள் பாடு.

இரண்டு கோடைகளாகப் புருல் கேட்டுக் கேட்டு அலுத்த விஷயத்தை மேய்ச்சல் குழு அன்று மாலையே கூடித் தீர்த்துவைத்தது: குடித்த ஆடு கணக்கில் சேராது, காசும் இல்லை, முறையும் இல்லை. கட்டிய பணத்தை யாரும் திருப்பித் தரவில்லை. அவள் மேய்த்த நாட்களையும் தரவில்லை. இனி ஆடு வாங்கினாலும், அந்த நாட்கள் கழியும்வரை மந்தைப் பக்கமே வர மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை குதிரை நல்ல விலைக்குப் போனது. கயிற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் மாட்டினாள். மீரிம் நகரத்துக்குப் பேருந்து ஏறினாள். எர்மெக் குடியை விடவில்லை. ஆனால் அவனோடு உட்கார இப்போது யாரும் வருவதில்லை. ஆடு பின்னாலேயே வீடு வந்து, மனைவி பார்க்க முற்றத்தில் நிற்குமே என்ற பயம். அவன் தனியாகக் குடிக்கிறான். அவன் மட்டும் குடித்தவை அவன் போகிற இடமெல்லாம் வருகின்றன. பேருந்து நிறுத்தத்தில் அவன் நின்றால், வேறு யாருக்கும் நிற்க இடம் இருப்பதில்லை.

குதிரைத் தலை கடைவாசல் கம்பத்தருகே தங்கிவிட்டது. வெளியூர்க்காரர்கள் தங்கள் குதிரைகளை அதன் பக்கத்தில் கட்டுகிறார்கள், அதுவும் தொட்டியில் தண்ணீர் குடிக்கிறது.

ஐந்து வருடம் கழித்து, பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து மீரிமுக்குச் சம்பந்தம் பேசி ஆள் அனுப்பினார்கள். பையன் நல்லவன் என்றார்கள். எர்மெக்கையும் அப்படித்தான் சொன்னார்கள். இப்போதெல்லாம் அந்தப் பக்கத்தில் பெண் வீட்டார் செய்வதைப்போல், பையன் வீட்டைப் பார்க்கப் போகிற நாளைப் புருல் பனி விழும்வரை தள்ளிப் போட்டாள். பனி விழுந்த அன்று போய், உள்ளே வாருங்கள், தேநீர் ஆறுகிறது என்று பையனின் தாய் இரண்டு தரம் அழைத்தும், பட்டி வேலியோரம் நின்று ஒவ்வொரு முதுகாகப் பார்த்தாள். எல்லாம் வெள்ளை. மூலையில் ஓர் இளங்கடா மட்டும் பழுப்பாக நின்றது.

"அது என்னுதுங்க," என்றான் பையன், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி. "பட்டாளத்துலருந்து திரும்பி வந்த அன்னிக்கு."

புருல் அதன் காதைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அடுத்த பனிக்கும் வருவேன், தம்பி," என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்க உள்ளே போனாள்.