இவர்களில் எவரும் வேண்டாம்

கிளைட் ஹெஸ்கத் இருபது வருடங்களுக்கு முன்னால் ஒரு பண்ணையில் பேசிய வீடியோவை எவனோ தோண்டியெடுத்து இணையத்தில் போட்டபோது, அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து லிபர்டேரியன் கட்சிக்காரர்கள் அவரைக் கவர்னர் வேட்பாளராக அறிவிக்க நாள் குறித்துவிட்டிருந்தார்கள். காஸ்பர் நகரில் நெடுஞ்சாலையோர மோட்டல் ஒன்றின் பிங்கோ ஆட்டக் கூடத்தை மாநாட்டுக்காக வாடகைக்குப் பிடித்தாயிற்று. கட்சியின் மாநிலத் தலைவியான வெர்னா ஸ்ட்ரவுட் காபிக்கும் டோனட்டுக்கும் சொல்லிவிட்டு வந்து தன் தீவனக் கடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் கைபேசி விடாமல் அடிக்கத் தொடங்கியது.

வீடியோவில் பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் முதலில் தோன்றியது. வைக்கோல் கட்டுகளை அடுக்கிப் போட்ட மேடை. ஓரின் டால்பர்ட் என்ற ஒருவன் பேசுகிறான். துப்பாக்கியும் கையுமாக மலையில் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த ஒரு கூட்டத்துக்குத் தலைவன் அவன். செத்துப் பல வருடமாகிறது. இந்த மலைகள் வெள்ளையர்களுக்கென்று கடவுள் ஒதுக்கி வைத்தவை, கறுப்பர்களுக்கும் யூதர்களுக்கும் இங்கே இடமில்லை என்று கத்திவிட்டு இறங்குகிறான். அடுத்து கிளைட் ஏறுகிறார். தாடி இன்னும் கறுப்பாக இருக்கிறது. "ஓரின் இவ்வளவு சொன்னப்புறம் நான் என்னத்தைச் சொல்ல" என்று சிரிக்கிறார். கூட்டமும் சிரிக்கிறது. பிறகு அவர் நிலவரியைப் பற்றித்தான் பேசுகிறார், அரைமணி நேரம். அந்தப் பேச்சில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

ஆனால் அந்தச் சிரிப்பு இருந்தது. வெர்னா அதை மூன்று தரம் பார்த்தாள். நான்காம் தரம் பார்க்க மனம் வரவில்லை.

கட்சி என்றால் மாநிலம் முழுக்கச் சேர்த்தாலும் ஒரு கல்யாணப் பந்திக்குத் தேறாத கூட்டம். வரி வேண்டாம், உரிமம் வேண்டாம், அடுத்தவன் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் சர்க்கார் வேண்டாம் என்பதில் எல்லோருக்கும் ஒரே மனது. வேறு எதிலும் எவருக்கும் ஒத்துப்போனதில்லை. இருந்தும் சனிக்கிழமை காலையில் ஒரே உணவகத்தில் கூடி, ஒரே மேசையில் சண்டை போட்டு, ஒன்றாக எழுந்து போவார்கள். வீடியோ வந்த வாரம் மேசை இரண்டானது. அதற்கடுத்த வாரம் உணவகமே இரண்டானது.

ஒரு பக்கம் ரெக்ஸ் பாமராய், எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். "யாரோட யாரு பேசலாம்னு உத்தரவு போடறதுக்கா நாம கட்சி நடத்துறோம்? மனுஷன் யார் கூட வேணா உட்காருவான். அது அவன் சுதந்திரம்" என்றார்.

மறுபக்கம் டோபின் ஆஷ்கிராஃப்ட். முப்பது வயது, கணினி வேலை, நாக்கு நீளம். "தாராளமா உட்காரட்டும். அவரை வேட்பாளரா நிறுத்தாம இருக்கிறது எங்க சுதந்திரம். இதுல எந்த எழுத்து உங்களுக்குப் புரியல பெருசு?" என்றான். மாநாட்டுக்கு முந்தைய வெள்ளிக்குள் கிளைட் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் நடப்பதே வேறு என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினான். ரெக்ஸ் அதற்குப் பதிலாக ஒரு கழுதைப் படத்தை அனுப்பினார்.

இரண்டு தரப்புமே ஒரே கொள்கையைத்தான் எடுத்து வீசிக்கொண்டார்கள். நடுவில் உட்கார்ந்து வெர்னா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு டோபினைப் பற்றியோ ரெக்ஸைப் பற்றியோ கவலையில்லை. லமார் கெய்ன்ஸைப் பற்றித்தான் கவலை. லமார் விமானப்படையில் இருந்து ஓய்வுபெற்று, காஸ்பரிலேயே தங்கி, சாலையோரத்தில் வண்டி போட்டுப் புகையில் வாட்டிய இறைச்சி விற்பவர். கட்சியில் இருந்த ஒரே கறுப்பர். அந்த வண்டியை அங்கே நிறுத்தக்கூடாது, இங்கே நிறுத்தக்கூடாது என்று நகர சபை விரட்டியபோது, அவருக்காகச் சபையில் ஏறிப் பேசியது கிளைட்தான். அப்போது இருவருக்கும் முன்பின் பழக்கம் கிடையாது. கிளைட் அடுத்தடுத்து எல்லாக் கூட்டத்துக்கும் போய் நின்று, மேயர் காதைப் பொத்திக்கொள்ளும்வரை பேசி, உத்தரவை மாற்ற வைத்தார். லமார் அதன்பிறகே கட்சியில் சேர்ந்தார். வாக்குச்சீட்டில் கட்சிக்கு இடம் கிடைக்கக் கையெழுத்து திரட்ட வேண்டியிருந்த குளிர்காலத்தில் லமாரும் கிளைடும் வெர்னாவும் மளிகைக் கடை வாசலில் பனியில் நின்று, போவோர் வருவோரிடம் எல்லாம் பல்லைக் காட்டியிருக்கிறார்கள்.

லமார் ஒரு நாள் மத்தியானம் தீவனக் கடைக்கு வந்தார். கல்லாவுக்கு முன்னால் கிடந்த ஓட்ஸ் மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"பார்த்தீங்களா வெர்னா?"

"பார்த்தேன்."

"என் பொண்ணு பார்த்துட்டு அனுப்பினா. 'இவர்தானே நம்ம வீட்டுக்கு நன்றி சொல்ற நாள் விருந்துக்கு வந்தவரு?'ன்னு கேட்டா. நான் என்ன சொல்லுவேன்?"

வெர்னா கல்லாவை மூடிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"அவர் அங்க போனது எனக்குப் பெரிசில்ல. நானும் பட்டாளத்துல கண்டவன் கூடவும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கேன். அந்தச் சிரிப்புதான். எனக்கு ஒரே ஒரு வார்த்தை வேணும். 'அன்னிக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது'ன்னு அவர் வாயால வரட்டும். அப்புறம் நானே அவருக்கு ஓட்டுக் கேட்டு வீடு வீடாப் போறேன்."

"அவர்கிட்ட நேரா கேளுங்களேன், லமார்."

லமார் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "இதை நான் கேட்டு வாங்கணுமா?" என்றார்.

அன்றைக்கே வெர்னா கிளைடைப் பார்க்கப் போனாள். ஊருக்கு வெளியே, பிளாட் ஆற்றுப் பக்கம் அவர் வீடு. நிலம் அளக்கும் வேலையில் இருந்தவர். மனைவி ஜோன் இறந்தபிறகு தனியாக இருந்தார். வேலியில் தளர்ந்து போன கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தவர் இவள் வண்டியைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"யார் அனுப்பினா? டோபினா?"

"எவனும் அனுப்பல. நானாத்தான் வந்தேன். அங்க எதுக்குப் போய்த் தொலைஞ்ச நீ?"

கிளைட் கொஞ்ச நேரம் கம்பியோடு மல்லுக்கட்டினார். பிறகு குறடைக் கீழே போட்டார்.

"அந்த வருஷம் நான் கால் உடைஞ்சு கெடந்தேன். ஜோனுக்கு அப்பவே முடியல. டிசம்பர் குளிர். அடுப்புக்கு விறகு இல்ல. டால்பர்ட்டோட பசங்க வந்தாங்க. கேக்காமலே மரத்தை அறுத்து, பொளந்து, அடுக்கிட்டுப் போனாங்க. காபிகூடக் குடிக்கல. வேற ஒருத்தனும் எட்டிப் பார்க்கல வெர்னா, தேவாலயத்து ஆளுங்ககூட வரல. வசந்தத்துல 'வந்து வரியைப் பத்திப் பேசு'ன்னாங்க. எப்படி மாட்டேங்கிறது?"

"பேசினது சரி. சிரிச்சது?"

"மேல ஏறினதும் எல்லாரும் என்னையே பார்த்தாங்க. ஏதாவது சொல்லணுமேன்னு வாயில வந்தது." அவர் ஆற்றைப் பார்த்தார். "அவன் என்ன சொன்னான்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். கேக்கலைன்னு பொய் சொல்ல மாட்டேன். லமார் வீட்டு மேசையில முதல் தடவை உட்கார்ந்தப்போ அதுதான் ஞாபகம் வந்துச்சு. அவர் பொண்ணு எனக்கு உருளைக்கிழங்கு பரிமாறுறா. தொண்டையில இறங்கல."

வெர்னாவுக்கு நெஞ்சு லேசாயிற்று. "இதுதான் கிளைட். இதை அப்படியே சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம்."

"சொல்லுவேன். லமார் கேட்டா சொல்லுவேன். இந்தப் பொடியன் வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுன்னு கெடு வைக்கிறான். கெடு வெச்சு வாங்கினா அது வருத்தமா? அது வரி."

"லமார் உன்கிட்ட இருந்து எதிர்பார்க்கிறார்."

"அவர் வந்து கேக்கலையே."

"நான் போய் அவர்கிட்டச் சொல்றேன், நீ சொன்னதை."

"வேண்டாம்." குரல் கடினமானது. "ஜோன் விஷயம், அந்த விறகு, இதெல்லாம் என் வீட்டுச் சமாச்சாரம். ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வார்த்தை கொடு."

வெர்னா கொடுத்தாள். அடுத்தவர் அந்தரங்கத்தில் கை வைக்காதே என்று வாழ்நாளெல்லாம் மேடை போட்டுப் பேசியவள் வேறென்ன செய்வாள்? திரும்பி வரும் வழியில் லமாரின் வண்டியைக் கடந்துதான் வந்தாள். புகை மேலே போய்க்கொண்டிருந்தது. நிறுத்தலாமா என்று வேகத்தைக் குறைத்தாள். மாநாட்டில் இருவரும் முகத்துக்கு முகம் பார்க்கத்தானே போகிறார்கள், அங்கே தானாகச் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய்விட்டாள்.

மாநாட்டன்று கூடம் என்றுமில்லாத அளவுக்கு நிறைந்திருந்தது. நடுவில் ஒரு நடைபாதை விட்டு, கல்யாணத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டார் போல இரு தரப்பும் உட்கார்ந்திருந்தன. டோனட்டுகூட இரண்டு பக்கமும் தனித்தனியாகப் போயிற்று. ரெக்ஸ் பேசினார், டோபின் பேசினான், இருவரும் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். கொள்கைப் பத்திரத்தில் இருந்து ஒருவர் படித்தால் இன்னொருவர் அதற்கடுத்த வரியைப் படித்தார். வெர்னா மரச்சுத்தியலால் மேசையைத் தட்டித் தட்டிக் கை வலித்ததுதான் மிச்சம்.

அப்போது பின்வரிசையில் லமார் எழுந்தார். மைக் கேட்கவில்லை. கூடம் தானாக அடங்கியது.

"கிளைட்," என்றார். "நீங்க எனக்காக நகர சபையில நின்னவரு. அதை நான் மறக்கல. இன்னிக்கு உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். அந்த மேடையில அந்த ஆள் பேசினதும் நீங்க சிரிச்சீங்களே, அதைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

கேட்டுவிட்டார். வெர்னா சுத்தியலைக் கீழே வைத்தாள். கிளைட் முன்வரிசையில் நாற்காலியைப் பிடித்து எழுந்து, லமார் பக்கம் திரும்பினார். வாய் திறந்தது. அவர் முகத்தை வெர்னா பார்த்தாள். வேலியோரத்தில் பார்த்த அதே முகம். இன்னும் ஒரு மூச்சு நேரம் கிடைத்திருந்தால் போதும்.

"வருத்தப்படுறியா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லு. கேமரா ஓடுது" என்று டோபின் கத்தினான். கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தான்.

"மண்டி போடாத கிளைட்" என்று ரெக்ஸ் பதிலுக்குக் கத்தினார். அவர் பக்கத்து ஆட்கள் காலால் தரையை உதைத்தார்கள்.

கிளைட் கைபேசியைப் பார்த்தார். தோள்கள் விறைத்தன. "என் வாழ்க்கைக்கு நான் எந்தக் கமிட்டிக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்ல" என்றார். சொன்னது டோபினிடம். ஆனால் சொல்லும்போது அவர் நின்றிருந்தது லமாரைப் பார்த்தபடி.

ஒரு பக்கம் ஆரவாரம், மறுபக்கம் கூச்சல். லமார் தலையை ஆட்டினார், விலை கேட்டுக் கட்டுப்படியாகாதவர் ஆட்டுவதுபோல. நாற்காலியில் இருந்த தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கிளைட் இரண்டடி அவர் பின்னால் நடந்தார். ரெக்ஸின் ஆட்கள் அதற்குள் அவரைச் சூழ்ந்துகொண்டு முதுகில் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஓட்டெடுப்பு தொடங்கியது. கட்சியில் ஒரு பழைய வழக்கம். ஒரே ஒருவர்தான் போட்டி என்றாலும் ஓட்டுச் சீட்டில் அவர் பெயருக்குக் கீழே இன்னொரு வரி இருக்கும்: இவர்களில் எவரும் வேண்டாம். எவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. வருடத்துக்கு ஒரு குறும்புக்காரன் அதற்கு ஓட்டுப் போடுவான், எல்லோரும் சிரிப்பார்கள். வெர்னா பென்சிலோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கிளைடை அவளுக்குத் தெரியும். தெரிந்ததனாலேயே அவர்மேல் கோபம் பொங்கியது. கீழ்வரியில் குறியிட்டாள்.

எண்ணி முடித்தபோது அந்த வரி சொற்ப ஓட்டில் ஜெயித்திருந்தது.

டோபின் கூட்டம் எழுந்து கைதட்டியது. இனி வேறு நல்ல ஆளாகப் பார்த்து நிறுத்திக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் ரெக்ஸும் அவர் ஆட்களும் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு வெளிநடப்புச் செய்தார்கள். மேற்கொண்டு கூட்டம் நடத்த விதிப்படி ஆள் போதவில்லை. விதிகளை எழுதியவர்களில் வெர்னாவும் ஒருத்தி. கைதட்டல் சிறிது சிறிதாக ஓய்ந்தது. கவர்னர் தேர்தலில் ஆள் இல்லையென்றால் குறைந்தபட்ச ஓட்டு கிடைக்காது. அது கிடைக்காவிட்டால் வாக்குச்சீட்டில் கட்சிக்கு இடம் போய்விடும் என்பது அப்போதுதான் ஒவ்வொருவருக்காக உறைத்தது.

கிளைட் தன் கோட்டைத் தேடி எடுத்துக்கொண்டு கடைசியாக வந்தார். வெர்னாவின் மேசைக்கு முன்னால் நின்றார்.

"நீயுமா?" என்றார்.

"ஆமா."

"சரி. அது உன் உரிமை." அதில் கிண்டல் இல்லை. நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார். வெர்னாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

கோடை முடிவதற்குள் கிளைட் வீட்டை விற்றுவிட்டு ஸ்போகேனில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். டோபின் வேலை மாற்றிக்கொண்டு டென்வருக்குப் போனான். ரெக்ஸ் புதிதாக ஒரு சங்கம் தொடங்கி, ஒரு மாதத்தில் அதன் செயலாளரோடு சண்டை பிடித்தார். நவம்பரில் கட்சிக்கு வாக்குச்சீட்டில் இடம் போயிற்று. லமார் உறுப்பினர் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. வெர்னாவும் கேட்கவில்லை.

முதல் பனி விழுந்த வாரம் அவள் லமாரின் வண்டிக்குப் போனாள். கூட்டம் இல்லை. வார்த்தையை மீறி எல்லாவற்றையும் சொன்னாள்: உடைந்த கால், ஜோன், விறகு, தொண்டையில் இறங்காத உருளைக்கிழங்கு.

லமார் கத்தியைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதை ஏப்ரல்லயே என்கிட்டச் சொல்லிருக்கலாமே வெர்னா."

"சொல்லாதேன்னு வார்த்தை வாங்கிட்டான்."

"ம்ம். வார்த்தையைக் காப்பாத்திட்டீங்க." குத்திக்காட்டும் தொனி இல்லாமல் சொன்னார். "அந்தப் பையன் கத்தினப்போ கிளைட் ஏன் அப்படி மாறினார்னு எனக்குப் புரிஞ்சிருக்கும். நான் எழுந்து போயிருக்க மாட்டேன். அவர் கையைப் பிடிச்சு வெளியில கூட்டிட்டுப் போயிருப்பேன்."

வெர்னா கிளைடின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தாள். அவர் வாங்கி மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

குளிர்காலம் முழுக்க அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. மார்ச்சில் ஒரு நாள் இறைச்சி வாங்கப் போனபோது லமாரே சொன்னார்.

"கிளைட் கிட்டப் பேசினேன். ரெண்டு மூணு தடவை ஆச்சு."

"எப்படி இருக்கான்?"

"முழங்கால் வலியாம். அங்க மழை விடாம பெய்யுதாம். ஆப்பிள் மரக்கட்டை நல்லா கெடைக்குது, புகைக்கு வேணுமான்னு கேட்டார்."

"அதைப் பத்தி ஏதாவது?"

லமார் அவள் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தில் இறைச்சியைச் சுற்றினார். "அவர் எடுக்கல. நானும் எடுக்கல. ஒரு தடவை எடுக்கப் போறார்னு தோணிச்சு. பேச்சை நிறுத்திட்டுச் சும்மா இருந்தார். நானும் காத்திருந்தேன். அப்புறம் மழையைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சுட்டார்."

பொட்டலத்தை அவளிடம் நீட்டினார். அவளுக்குப் பின்னால் ஒரு லாரி ஓட்டுநர் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தார். லமார் அவரைப் பார்த்து, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.