முதலில் லோர்னாவிடம்

ரிப்போர்ட் வந்து இருபத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. நெவிலின் கழுத்துக் கட்டியில் ஊசி வைத்து எடுத்த துணுக்கின் ரிப்போர்ட். அவருக்கு இன்னும் தெரியாது. அவர் மனைவி லோர்னாவுக்குத் தெரியும். நான்தான் சொன்னேன்.

நேற்று காலை பத்து மணிக்கு அதைப் படித்ததும் அவர்கள் வீட்டு எண்ணுக்கு அழைத்தேன். லோர்னா எடுத்தார்.

"அந்த மனுஷன் வயல்ல மெஷின் மேல இருக்காரு. எங்கிட்ட சொல்லு கண்ணு."

சொல்லிவிட்டேன். கொஞ்சமும் தயங்காமல் சொன்னேன் என்பது பிறகுதான் உறைத்தது.

பர்மாவில், யாங்கூனில் எட்டு வருடம் அப்படித்தான் வேலை பார்த்தேன். வார்டுக்கு வெளியே மூத்த மகனையோ மகளையோ கூப்பிட்டுச் சொல்வோம். பிறகு உள்ளே போய், கொஞ்சம் புண் இருக்கிறது, மருந்து தருகிறோம் என்போம். நோயாளியும் நம்புவதுபோல் தலையாட்டுவார். அதை நாங்கள் பொய் என்று நினைத்ததில்லை. ஏற்கனவே படுத்திருப்பவர் மேல் இன்னொரு பாரத்தை ஏன் ஏற்ற வேண்டும்?

நோயாளியின் முகத்தைப் பார்த்து அந்தச் சொல்லை ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் டாக்டராக எழுத வேண்டிய பரீட்சையில். நோயாளியாக ஒரு நடிகர் உட்கார்ந்திருந்தார். எட்டு நிமிடம். அவர் கண்ணைத் துடைத்ததும் டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன். தேறிவிட்டேன்.

இந்தக் கோதுமை ஊருக்கு வந்து பதினோரு வாரம் ஆகிறது. முதல் வருடம் முழுக்க என் வேலையை ஹீதர் மேற்பார்வை செய்வார். இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் மூத்த டாக்டர். தினமும் மாலையில் போனில் பேசுவோம். நேற்று மற்ற விஷயங்களோடு லோர்னாவிடம் சொன்னதையும் சாதாரணமாகச் சொன்னேன். அவர் என் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

"தந்தார், மனைவிகிட்ட சொல்லலாம்னு அவர் சொல்லியிருந்தாரா?"

"நான் கேக்கல."

"அது அவரோட கழுத்து. முதல்ல தெரிய வேண்டியது அவருக்கு. நாளைக்கே வரச் சொல்லு. நீ பண்ணினதையும் மறைக்காம சொல்லிடு. நான் இதை எழுதித்தான் வைக்கணும்." போனை வைக்கப் போனவர், "சாப்பிடாம படுத்துடாத," என்றார்.

இன்று காலை கிளினிக்கைத் திறக்கும் முன்பே லோர்னா வாசலில் நின்றார். கையில் ஒரு டஜன் முட்டை.

"அறுப்பு முடியட்டும் கண்ணு. மூணே வாரம். இப்பச் சொன்னா பாதிப் பயிரை மழைக்கு விட்டுட்டு ஆஸ்பத்திரியில போய்ப் படுக்கணும். அவரால அது ஆகாது."

"அந்தக் கட்டி மூணு வாரம் சும்மா இருக்காது."

"அவர்கிட்டயும் நீ சொல்லத்தான் போறேன்னா, எங்கிட்ட ஏன் சொன்ன?"

கிளினிக் கதவின் பூட்டைத் திறந்தேன். யாங்கூனாக இருந்தால் அவர் கையைப் பிடித்துச் சரி என்றிருப்பேன்.

மூன்று மணிக்கு நெவில் வந்தார். எழுபத்தொரு வயது. ஐம்பது வருட வெயிலில் காது மடல் தடித்துப்போன மனிதர். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். தரையில் உமித்தூசி உதிர்ந்தது.

"லோர்னா வரலையா?"

"வண்டியில உக்காந்திருக்கா. உள்ள வர மாட்டாளாம். நாப்பத்தாறு வருஷத்துல அவ மூக்கை நுழைக்காத எடம் இது ஒண்ணுதான்."

நான் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

"டாக்டர், நேத்து பூட்ஸோட அடுப்படிக்குள்ள போயிட்டேன். ஒரு வார்த்தை திட்டல. சாப்பிடறப்ப அவ தட்டுல இருந்த கறியை எடுத்து என் தட்டுல வைக்கறா." தொப்பியின் விளிம்பைத் தடவினார். "அவளுக்கு என்னமோ தெரியும். ராத்திரி பூரா முழிச்சிருந்தா. நானும் தூங்கற மாதிரி கெடந்தேன். யாரு சொன்னது?"

என் காது சூடானது.

"நான்தான். உங்களுக்கு முன்னாடி அவங்ககிட்ட சொல்லிட்டேன். எங்க ஊர்ல அதுதான் வழக்கம். ஆனா உங்களைக் கேக்காம சொல்லியிருக்கக் கூடாது. என் மேல நீங்க புகார் குடுக்கலாம். மன்னிச்சிடுங்க."

நெவில் ஜன்னல் வழியே வண்டியைப் பார்த்தார்.

"அப்போ நேத்துலேர்ந்து அவ தனியாவா இதைச் சுமந்துக்கிட்டு இருக்கா?"

"ஆமா."

"புகாரை அப்புறம் பாத்துக்கலாம். போய் அவளைக் கூட்டிட்டு வாங்க. நான் கூப்பிட்டா வர மாட்டா."

வெளியே வெயிலில் கண் கூசியது. லோர்னா வண்டிக் கண்ணாடி வழியே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல. நீங்க பக்கத்துல இருந்தாத்தான் கேப்பாராம்."

அவர் கதவின் கைப்பிடியைத் தேடினார். அது அவர் கைக்குக் கிடைக்கவில்லை. நான் கதவைத் திறந்தேன்.

"என் மூஞ்சி எப்படி இருக்கு?"

"அழுத மாதிரிதான் இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும்," என்று இறங்கினார்.

நாங்கள் உள்ளே போனபோது நெவில் இன்னொரு நாற்காலியை இழுத்துத் தன் நாற்காலியோடு ஒட்டிப் போட்டிருந்தார். லோர்னா உட்கார்ந்து, "நிமிந்து உக்காரு," என்றார். நெவில் நிமிர்ந்தார். என் நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து போட்டேன். மூன்று பேரின் முழங்கால்களும் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டன.

"நெவில், நல்ல சேதி இல்ல."

"அது இவ மூஞ்சியிலயே தெரியுதே. என்னன்னு பேரைச் சொல்லுங்க, டாக்டர்."

லோர்னா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கம்ப்யூட்டர் திரையைப் பார்க்கவில்லை. நெவிலின் முகத்தைப் பார்த்தேன்.

"கேன்சர்," என்றேன்.