சிவமணியின் குரல் இருந்த டெப்

அந்த டெப்பை, கையில் பிடிக்கிற சின்னக் கம்பியூட்டரை, நான் வாங்கவில்லை. மகள் சுபோதினி ரொறன்ரோவில் இருந்து வந்தபோது கொண்டு வந்தது. அதற்கு ஏதும் ஒன்று நடந்தால் முதல் கேள்வி என்னிடம்தான் வரும் என்று எனக்கு எப்போதும் ஒரு பயம் இருந்தது. ஏனென்றால் எங்கள் வீட்டில் எது உடைந்தாலும் தில்லைநாதன் என்கிற நான்தான் உடைத்தவன்.

போன வருஷம் என் மனைவி சிவமணிக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று கண்டு, குரல்பெட்டியையே எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு துவாரம், மூச்சு அதால்தான். ஒப்பரேஷனுக்கு முன்னம், பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பிள்ளை ஒரு யோசனை சொன்னாள். வேண்டிய சொற்களை உங்கள் சொந்தக் குரலிலேயே டெப்பில் பதிந்து வையுங்கள், பிறகு திரையில் அந்தக் கட்டத்தை அமத்தினால் அது உங்களுக்காகப் பேசும் என்றாள். சிவமணி மூன்று நாள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்து பதிந்தாள். இருநூற்றுச் சொச்சம். தேத்தண்ணி, நோகுது, ஃபானைப் போடுங்கோ, மகளுக்குக் கோல் எடுங்கோ. என்னை ஏசுவதற்கென்றே தனியாக ஒரு பக்கம். "உங்களோட மனுசர் சீவிக்கேலுமோ" என்பதைச் சிவப்புக் கட்டத்தில் வைத்திருந்தாள். நாளுக்கு நாலு தரமாவது அதை அமத்துவாள். எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஆனாலும் அது அவளுடைய குரல்தான். முப்பத்தெட்டு வருஷமாய் நான் கேட்ட அதே குரல், அதே இழுவை.

இணையத்திலும் ஒரு பிரதி போட்டு வைப்போம் அப்பா என்று சுபோதினி கேட்டாள். நான்தான் விடவில்லை. என் மனைவியின் குரலை ஊர் பேர் தெரியாதவன் கம்பியூட்டரில் வைப்பதா என்று துள்ளினேன். பிள்ளை அதை அப்படியே விட்டுவிட்டாள். அவளுக்கு என் குணம் தெரியும்.

திங்கட்கிழமை பற்றரி முழுதாய் இறங்கி டெப் செத்துப்போயிற்று. சார்ஜ் போட்டு எழுப்பினால், விரலை ஏற்காமல் ஆறு இலக்கம் கேட்டது. இவ்வளவு நாளும் சிவமணி விரலை வைத்தே திறந்தவள். இலக்கம் வைத்தது கிளினிக்கில், ஒப்பரேஷனுக்கு முதல் நாள், அந்தப் பதற்றத்துக்குள். யோசித்து யோசித்து நான்கு தரம் அடித்தாள். நான்கும் பிழை. பிறகு கொப்பியை எடுத்து, "ஞாபகம் வரேல்லை. கொஞ்சம் பொறுங்கோ" என்று எழுதிக் காட்டினாள்.

பொறுக்கிற ஆளா நான்? டெப்பைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஐந்தாம் மாடியில் இருந்து கீழே காலி வீதி என்கிற பெருந்தெரு வரைக்கும் என் இரண்டு முழங்காலும் என்னை ஏசிக்கொண்டே வந்தன.

வெள்ளவத்தையில் போன் திருத்துகிற கடைக்குப் பஞ்சமில்லை. எனக்குப் பழக்கமானவர் முர்ஷித். மாளிகாவத்தைக்காரர், நாற்பது வயது இருக்கும், நிதானமான மனிதர். டெப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இலக்கம் தெரியாமல் இதை யாரும் திறக்க முடியாது, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கலாம், அவ்வளவுதான் என்றார். பத்துத் தரம் பிழையாக அடித்தால் அதுவே நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும் என்றும் சொன்னார். நான்கு போய்விட்டது. மிச்சம் ஆறு.

அழிக்கிற கதையே வேண்டாம் என்றேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குச் சொன்னேன். அவர் கையில் இருந்த ஸ்க்ரூட்ரைவரைக் கீழே வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை இருத்தினார்.

முதலில் எங்கள் கலியாண நாள். பிழை. ஒரு நிமிஷம் காத்திருக்கச் சொன்னது. சுபோதினி பிறந்த நாள். பிழை. பிறகு ஐந்து நிமிஷம். பேரன் தேனுஜன் பிறந்த நாளை மகளுக்குக் கோல் எடுத்துக் கேட்கலாம் என்றால் அங்கே சாமம். என் ஞாபகத்தில் இருந்ததை அடித்தேன், அதுவும் பிழை. இனிக் கால் மணித்தியாலம். திரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எப்படியாவது திறந்துகொண்டுதான் படி ஏறுவேன் என்று ஒரு வீம்பு வேறு.

அப்போதுதான் சிவமணியிடம் இருந்து கோல் வந்தது.

எடுத்தேன். கழுத்தால் போகிற மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மோதிரத்தால் போனில் தட்டினாள். டக், டக், டக். பேச முடியாதவள் எதற்குக் கோல் எடுக்கிறாள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

"இன்னும் ஒண்டும் சரிவரேல்லை. வாறன், வையும்" என்று கட் பண்ணினேன்.

திரும்பவும் எடுத்தாள். திரும்பவும் கட் பண்ணினேன். அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்து விழுந்தது. வாசிக்கிற கண்ணாடி வீட்டில். டெப்பில் இலக்கங்கள் பெரிசு, தெரிந்தது. போன் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. முர்ஷித் வாசித்துச் சொல்லவா என்று கேட்டார். வீட்டுக் கதையைக் கடையில் வைத்துப் படிப்பதா? வரும்போது தயிர் வாங்கி வரச் சொல்லியிருப்பாள் என்று சொல்லிப் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

எட்டாவதாக என் பிறந்த நாளை அடித்தேன். அடையாள அட்டையில் உள்ளபடி, பிழையில்லாமல். அதுவும் இல்லை என்றது. ஒன்பதாவதற்கு அவளுடைய அட்டை இலக்கத்தின் முதல் ஆறு. அதுவும் இல்லை. ஒரு மணித்தியாலம் இரு என்று திரையில் வந்தது.

முர்ஷித் டெப்பை மெதுவாக என் பக்கத்தில் இருந்து நகர்த்தி வைத்தார்.

"அங்கிள், இனி ஒரே ஒரு தரம்தான் மிச்சம். இத இங்க வச்சிட்டு வீட்ட போங்க. ஆன்ட்டிக்கிட்ட ஒருக்கா கேட்டுட்டு வாங்க."

நல்ல வார்த்தைதான். ஆனால் ஐந்து மாடி. ஏறி, அவளிடம் தோல்வியை ஒப்புக்கொண்டு, திரும்ப இறங்கி. நான் அந்த ஒரு மணித்தியாலமும் ஸ்டூலில் அசையாமல் இருந்தேன். சட்டைப் பைக்குள் போன் இன்னும் இரண்டு தரம் அதிர்ந்தது. நேரம் முடிந்ததும், கிளினிக்குக்குப் போன திகதியாகத்தான் இருக்கும், வேறு எதுவாக இருக்க முடியும் என்று எனக்குள் ஒரு நிச்சயம் வந்துவிட்டது. முர்ஷித் வேறொரு ஆளுடன் கதைத்துக்கொண்டிருந்தார். டெப்பை இழுத்து அடித்தேன்.

திரையில் இலக்கங்களே இல்லாமல் போயின. ஒரு வரி ஆங்கிலம் மட்டும் நின்றது. முர்ஷித் ஓடி வந்து பார்த்தார். அவர் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அப்போதுதான் போனை எடுத்து அவரிடம் நீட்டினேன். வாசியுங்கோ தம்பி என்றேன். அவர் முதலில் தனக்குள் வாசித்தார். பிறகு கதிரையை என் பக்கம் இழுத்து, குரலைத் தாழ்த்தி வாசித்தார்.

"'ஞாபகம் வந்திட்டுது. உங்கட பிறந்த நாள்தான் வச்சனான். அட்டையில இருக்கிறது இல்லை. குறிப்பில இருக்கிறது.' அடுத்ததில திகதி எழுதியிருக்காங்க அங்கிள். அதுக்குப் பொறகு, 'போனை எடுங்கோ.' கடைசி ரெண்டும் அதேதான். 'போனை எடுங்கோ.'"

என் அப்பா என் பிறப்பைப் பிந்தித்தான் பதிந்தவர். பள்ளிக்கூடத்துக்கு வயது குறைவாக இருந்தால் நல்லதென்று அந்தக் காலத்தில் பலர் அப்படிச் செய்தார்கள். அரசாங்க உத்தியோகம், பென்ஷன், எல்லாம் அந்தப் பொய்த் திகதியில்தான் ஓடியது. உண்மையான நாள் எனக்கே மனதில் இல்லை. கலியாணப் பொருத்தம் பார்க்க எங்கள் வீட்டார் கொடுத்த சாதகக் குறிப்பில் அது இருக்கிறது. குறிப்பு அவளிடம் இருக்கிறது. வருஷா வருஷம் அந்த நாளில் கோயிலுக்குப் போய் என் பேருக்கு அர்ச்சனை செய்து, திருநீறு கொண்டு வந்து நெற்றியில் பூசுவாள். எனக்கு வேலைக்கு நேரம் போகுது என்று நான் எரிந்து விழுவேன். உலகத்திலேயே நான் எப்போது பிறந்தேன் என்று தெரிந்த ஒரே ஆள் ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

டெப்பை அழிக்கட்டுமா என்று முர்ஷித் கேட்கவில்லை. அப்படியே பையில் போட்டுத் தந்தார்.

ஐந்து மாடியும் ஏறினேன். ஒவ்வொரு தட்டிலும் நின்று, என்ன சொல்வதென்று யோசித்தேன். கதவு திறந்துதான் இருந்தது. சிவமணி வாசலில் நின்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையைப் பார்த்தாள்.

"எல்லாம் போயிட்டுது, சிவமணி" என்றேன். "நீர் எடுத்தனீர். நான்தான் கேக்கேல்லை."

கொப்பி மேசையில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. நேராக நின்று, என் கண்ணைப் பார்த்து, வாயைத் திறந்து பேசினாள். உதடு அசைந்தது, கை அசைந்தது, கழுத்துத் துவாரத்தால் காற்று விட்டு விட்டு வந்தது. முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக நான் குறுக்கே பேசாமல் நின்று கேட்டேன். அவள் நெடுநேரம் பேசினாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.