இடப்பக்க மூச்சு

நாகநாதனுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. நடையைக் குறைத்துக்கொண்டு நீந்தப் போகச் சொன்னார் டாக்டர். மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்று ஒன்றரை வருடமாகியிருந்தது. மகள் பிரசவத்துக்காக ஆறு மாதம் என்று டொரன்டோ போன மனைவி ஸ்ரீரஞ்சனி, பதினோரு மாதமாகியும் திரும்பவில்லை. தஞ்சாவூர் வீட்டில் அவர் மட்டும்தான்.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்து வாய்க்கால்களில் தலையைத் தூக்கிக்கொண்டு கையடித்து வளர்ந்தவர் என்பதால், நீச்சல் தனக்குப் புதிதில்லை என்று நினைத்துத்தான் வல்லம் சாலையிலிருந்த நீச்சல் குளத்தில் சேர்ந்தார். அங்கே எல்லாரும் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து ஃப்ரீஸ்டைல் நீந்தினார்கள். அவரும் முயன்றார். பத்து மீட்டர் போவதற்குள் இரைக்க ஆரம்பித்து, கயிற்றைப் பிடித்துத் தொங்கினார்.

பயிற்சியாளர் வசிஷ்ட் இரண்டு நாள் கரையில் நின்று பார்த்தான். மூன்றாம் நாள் அருகில் வந்து குந்தினான்.

"சார், நீங்க மூச்சு இழுக்கறீங்க, விடவே மாட்டேங்கறீங்க. உள்ளேயே பிடிச்சு வச்சிருக்கீங்க. தண்ணிக்குள்ள முழுசா விட்டுடுங்க. அப்புறம் முகத்தைத் திருப்பினாப் போதும், காத்து தானா உள்ள வரும்."

வீட்டில் பழகச் சொன்னான். சாப்பாட்டு மேஜையில் ஒரு பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் பிடித்து வைத்து, முகத்தை முக்கி, மூக்கு வழியாக 'ம்ம்ம்' என்று காற்றை விட்டார். குமிழி வரும் சத்தம் அந்த வீட்டில் பெரிதாகக் கேட்டது. ஒரு நாள் பாதியில் ஸ்ரீரஞ்சனியின் வீடியோ கால் வந்தது. முகமெல்லாம் ஏன் ஈரம் என்று கேட்டாள். கழுவினேன் என்றார். அதற்குள் குழந்தை அழுதது, அவள் போய்விட்டாள்.

ஒரு மாதத்தில் இருபத்தைந்து மீட்டர் முழுதாகப் போக வந்தது. தலையைத் தூக்காமல், ஒரு காது தண்ணீரிலேயே இருக்க, உடம்போடு சேர்ந்து முகத்தைத் திருப்பப் பழகிக்கொண்டார். ஆனால் வலப்பக்கம் மட்டும்தான். அவருடையது கடைசி லேன். போகும்போது வலப்பக்கம் சுவர் தெரிந்தது. வரும்போது பக்கத்து லேனில் நீந்துகிற யாரோ ஒருவரின் கறுப்புத் தொப்பி தெரிந்தது. நாளாக ஆக வலது தோள் பிடித்துக்கொண்டது. மூன்று கைவீச்சுக்கு ஒரு மூச்சு, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றச் சொன்னான் வசிஷ்ட்.

இடப்பக்கம் லேசில் வரவில்லை. ஒரு வாரம் மூக்கெல்லாம் தண்ணீர். எட்டாம் நாள் சரியாகத் திரும்பியபோது, கையெட்டும் தூரத்தில் ஒரு முகம் இருந்தது. கறுப்புத் தொப்பிக்காரர். நாகநாதன் வயதுதான் இருக்கும். நரைத்த தாடி, ஒரு பக்கமாகத் திறந்த வாய். அவரும் மூச்சு எடுத்துக்கொண்டிருந்தார். அரை நொடிதான். இருவரும் மீண்டும் தண்ணீருக்குள் போய்விட்டார்கள்.

அதன்பிறகு தினமும் அப்படி நடந்தது. அந்த மனிதர் வேகமானவர். ஆனால் சில நாட்களில் நாகநாதனுக்காகவே மெதுவாக வருவதுபோல் இருந்தது. சுவரைத் தொட்டதும் இருவரும் தலையசைத்துக்கொள்வார்கள். இருவரும் காதில் அடைப்பான் வைத்திருந்ததால் பேச்சு கிடையாது. காலை ஆறே முக்காலுக்கு அவர் ஏறிப் போய்விடுவார். வீட்டுக்கு வந்து காபி போடும்போது, யாரோடோ இருந்துவிட்டு வந்த நினைப்பு நாகநாதனுக்கு இருக்கும். மற்ற நேரமெல்லாம் அது இல்லை.

இரண்டு மாதம் போனது. பெயராவது கேட்க வேண்டும், வெளியே டீக்கடைக்குக் கூப்பிட வேண்டும் என்று ஒரு திங்கட்கிழமை தீர்மானித்துக்கொண்டு போனார். பக்கத்து லேன் காலியாக இருந்தது. வாரம் முழுதும் அப்படியே. சனிக்கிழமை வசிஷ்டிடம் கேட்டார்.

சலாஹுதீன் ஐயாவா, கோலாலம்பூரில் இருக்கும் மகன் வந்து கூட்டிப் போய்விட்டார், இனி அங்கேதான் என்றான் வசிஷ்ட். பிறகு கொஞ்சம் தயங்கினான்.

"உங்ககிட்ட சொல்லலையா சார்? நீங்க ரெண்டு பேரும் ரொம்ப நாள் சிநேகிதம்னு நெனச்சேன்."

நாகநாதன் சலாஹுதீனின் நம்பரை வாங்கிக்கொண்டார். நான்கு நாள் அது போனில் சும்மா கிடந்தது. தன்னை யாரென்று சொல்லிக்கொள்வது என்று தெரியவில்லை. ஐந்தாம் நாள் குளத்துக்கு வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே வாட்ஸப்பில் அழைத்தார்.

"யாருங்க?" என்றது குரல். இவ்வளவு மெல்லிய குரலாக இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

"என் பேரு நாகநாதன். தஞ்சாவூர் குளத்துல... கடைசி லேன்ல நீந்துவேன்."



"இடது பக்கம் திரும்பறப்ப கண்ணை இறுக்கி மூடிக்குவீங்களே, நீங்கதானா?" என்றார் சலாஹுதீன். "அப்புறம் மூடுறதை விட்டுட்டீங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

மகன் குடியிருக்கும் கட்டடத்திலேயே மேல்மாடியில் ஒரு சின்னக் குளம் இருக்கிறதாம். லேன் கிடையாது. மகனும் மருமகளும் வேலைக்குப் போனபிறகு அவர் தனியாக இறங்குவாராம். அதைச் சொல்லி முடித்தபின் வேறென்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் சலாஹுதீன். சரிங்க என்றார் நாகநாதன்.

போனை வைத்துவிட்டு, அவர் வண்டியை எடுக்காமல் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.