மடக்கு போனில் அடித்த பாயிண்ட்

கடலுக்குக் கொண்டுபோகிற போன் பாலித்தீன் பைக்குள்தான் இருக்க வேண்டும். தூத்துக்குடியில் சங்கு குளிக்கப் போகிற எவனுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சத்தியராஜ் மட்டும் அன்று பையைக் கழற்றி எறிந்தான். பைக்குள் வைத்து அவனுடைய புது மடக்கு போனை விரிக்க முடியவில்லை.

"இது கரைக்குத்தான் லாயக்கு மச்சான். மடிப்புக்குள்ள உப்புத்தண்ணி போச்சுன்னா கதை கந்தல்தான்" என்றான் அவன் மச்சினன் ஜெமி, முதுகில் சிலிண்டரை மாட்டியபடி.

"ஏலே, விரிச்சா மேப்புல முழுக் கடலும் தெரியுது பாரு. ஒன் போன்ல கால்வாசி தெரியுமா?"

சத்தியராஜ் மேப்பில் வள்ளம் நிற்கிற இடத்தைத் தொட்டு ஜி.பி.எஸ். பாயிண்ட் அடித்தான். ஜெமி சிரித்தான். எதற்கும் இருக்கட்டுமென்று பைக்குள் கிடந்த தன் போனிலும் அந்த இடத்தைப் பாயிண்ட் அடித்து வைத்துவிட்டுக் குதித்தான். சிலிண்டரில் அரை மணி நேரத்துக்குத்தான் காற்று. அதுவரை அவன் மூச்சு விடுகிற குமிழியைப் பார்த்தபடி வள்ளம் அங்கேயே நிற்க வேண்டும்.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். தூரத்து வள்ளத்திலிருந்து ஒருவர் கூவினார். "ஏ சத்தியராஜு, மடக்குற போனு வாங்கிருக்கியாமே! இங்கன கொண்டா, பாப்போம்."

பாயிண்டுதான் போனில் இருக்கிறதே என்று சத்தியராஜ் நங்கூரத்தைத் தூக்கி, அந்த வள்ளத்தை நோக்கி விட்டான். பாழாய்ப்போன பெருமை! நாலு பேர் ஈரக்கையோடு விரித்தார்கள், மடக்கினார்கள், மெச்சினார்கள். பிறகு அவர்கள் தங்கள் வழியே போய்விட்டார்கள். அதற்குள் வாடைக்காற்று ஏறி, கடல் எங்கும் ஒரே மாதிரி நுரைத்துக்கொண்டிருந்தது.

போனை விரித்தான். மடிப்பு நறநறவென்றது. நடுவில் கறுப்புக் கோடு ஒன்று விழுந்து, அகன்று, திரை முழுவதையும் விழுங்கியது.

மாதா கோயில் கோபுரத்தையும் அனல்மின் நிலையப் புகைபோக்கியையும் நேராக வைத்து இடம் குறிப்பது இந்தக் கரையின் வழக்கம். இன்று அவன் கரைப்பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. வட்டமடித்துப் பார்த்தான். குமிழி இல்லை, தலையும் தெரியவில்லை. அரை மணி தாண்டி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

ஜெமியின் போனை எடுத்தான். கீறல் விழுந்த பழைய போன்தான், பளிச்சென்று எரிந்தது. ஆனால் விரல் ரேகை கேட்டது, இல்லாவிட்டால் நம்பர் கேட்டது. எதையெதையோ தட்டினான். திறக்கவில்லை. அப்போது அது கையிலேயே மணியடித்தது. ஜெமியின் அக்காள், சத்தியராஜின் மனைவி டெல்பின். எடுத்து "ஏளா" என்றான்.

"ஒங்களுக்குப் போட்டா போவவே மாட்டுக்கு, அதான் தம்பிக்குப் போட்டேன். அவன்ட்ட குடுங்க."

"ஏளா... இவன் போனு லாக் நம்பரு ஒனக்குத் தெரியுமா?"

"அத எதுக்கு எங்கிட்ட கேக்கிய? அவன்ட்டயே கேளுங்க."

"நீ நம்பர மட்டும் சொல்லுளா, சீக்கிரம்!"

"ஏங்க," என்றாள் டெல்பின். "என் தம்பி எங்க?"