சங்கரியின் இங்கிலீஷ் நோட்டு

நான்கு மாதமாகக் குமரனுக்கு ஒருவரைக் கண்டாலே ஆகாது. இத்தனைக்கும் அவரை அவன் நேரில் பார்த்ததே இல்லை. பெயர் ஆனந்தராஜ். ஏனாத்தூரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுப்பவர். குமரனின் மனைவி சங்கரி வாரத்தில் மூன்று சாயங்காலம் பஸ் ஏறிப் போய் அவரிடம் படித்தாள். திரும்பி வந்தால் சோறு போடும்போதும் "சார் சொன்னாரு", தலை பின்னும்போதும் "சார் சொன்னாரு."

காந்தி ரோட்டுப் பட்டுக்கடை ஒன்றில், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வீடியோ காலில் சேலை காட்டிப் பேச ஆள் தேடினார்கள். சார் இவள் பெயரைச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை இண்டர்வியூ.

குமரன் பட்டு நெசவாளி. உடலையும் கரையையும் தனித்தனியாகக் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். உடலுக்கு ஒருவர் நூல் சுற்றிய நாடாவை விட, கரைக்கு இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து விட வேண்டும். கல்யாணமானதிலிருந்து கரை நாடா சங்கரி கையில்தான். அதற்குக் கூலிக்கு ஆள் கிடைக்கும். ஆனால் அவளே வேறு ஆளாகிப் போனால், அவள் இடத்துக்கு யாரை வைப்பது?

அவள் துணி துவைக்கப் போகும் நேரமெல்லாம் குமரன் அவளுடைய நோட்டைப் புரட்டினான். இங்கிலீஷ் வார்த்தை, பக்கத்தில் தமிழில் அர்த்தம், கீழே ஒரு வாக்கியம், ஓரத்தில் சாரின் சிவப்பு மை. எட்டாவதோடு நின்ற படிப்பை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டினான். ஏதாவது சிக்குமா என்று தேடினான். 'வெரி குட் சங்கரி' என்று ஓரிடத்தில் இருந்தது. குட் சரி, அந்த 'வெரி' எதற்கு என்று இரண்டு நாள் மனசு குடைந்தது.

சனிக்கிழமை அவள் எழுதிக்கொண்டே சிரித்தாள்.

"இன்னாடி சிரிப்பு?"

"சார் கிளாஸ்ல ஒண்ணு சொன்னாரு. உங்களுக்குப் புரியாது, உடுங்க."

ஞாயிறு காலையில் நோட்டைக் காணோம்.

"ஏங்க, நோட்டைப் பாத்தீங்களா?"

"நான் இன்னாத்துக்குப் பாக்கறேன்? உங்க சாரைக் கேளு."

"நாளைக்கு இண்டர்வியூவ வெச்சிக்கினு தேடிக்கினு இருக்கறேன், பேசற பேச்சைப் பாரு!"

நோட்டு தறிக்குழியில் கிடந்தது, மிதிக்கட்டைக்கு அடியில், பாலிதீன் பைக்குள். அதற்கு மேலேதான் அவன் கால் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

மத்தியானம் வரை பீரோ, அரிசி டப்பா எல்லாம் கவிழ்த்துவிட்டுச் சங்கரி தறியில் வந்து உட்கார்ந்தாள். நாடா விட்டபடியே நினைவிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். "டிலேன்னா தாமதம். அட்மையர்னா மெச்சறது..." அவள் ஒவ்வொன்றாகச் சரியாகச் சொல்லச் சொல்ல, அவன் மிதியை ஓங்கி மிதித்தான்.

"ரிலக்டன்ட்..." அவள் கை நின்றது. "ரிலக்டன்ட்... ஐயோ, எழுதினேனே! நாளைக்கு இதையேதான் கேப்பாங்க, என் ராசி அப்படி." கண் கலங்கிவிட்டது.

"மனசில்லாம செய்யறது," என்றான் குமரன். "பதினேழாம் பக்கம்."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது.

சங்கரி மெதுவாகத் திரும்பினாள். "பக்கம்கூட தெரியுதா? எந்திரிங்க, குழிய உட்டு. நான் தேடாத எடம் அது ஒண்ணுதான்."

எடுத்துக் கொடுத்தான். பையின் மேல் மிதிக்கட்டையின் தடம் அச்சாகப் பதிந்திருந்தது.

"எம்மேல சந்தேகமா?"

"உம்மேல இல்ல. அந்தாளு மேல."

"அவருக்குப் பேரன் காலேஜ் படிக்கறான்!"

"படிக்கட்டுமே. நானும் பத்து வருசமா பேசிக்கினுதான் இருக்கறேன். நான் சொன்னதுல ஒரு வார்த்தைய நோட்டுல எழுதி வெச்சிருக்கியா?"

அவள் நோட்டை அவன் மடியில் போட்டாள்.

"ஒளிச்சி வெச்சீங்க இல்ல, இப்போ நீங்களே கேளுங்க. தப்பா சொன்னா மட்டும் தப்புன்னு சொல்லுங்க."

அவன் கேட்டான். அவள் டக்டக்கென்று சொன்னாள். ஒவ்வொரு சரியான பதிலும் அவளை அவனிடமிருந்து ஒரு பஸ் ஸ்டாப் தள்ளிக் கொண்டுபோய் இறக்கியது. எங்காவது தடுக்கி விழமாட்டாளா என்றுதான் அவன் காத்திருந்தான்.

"டெலிகேட்."

"கனமானது," என்றாள் கொஞ்சமும் தயங்காமல். "பட்டு ரொம்ப டெலிகேட்டுன்னு சொல்லணும். அடுத்தது?"

மென்மையானது, பார்த்துப் பிடிக்க வேண்டியது என்று நோட்டில் எழுதி, கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. நாளைக்குக் கடைக்காரர் எதிரே இவள் இப்படியே சொல்வாள். அவர் உதட்டைப் பிதுக்குவார். சாயங்காலம் இங்கேயே, இந்தத் தறிப் பலகைக்கே, வந்துவிடுவாள். அவன் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அடுத்த வார்த்தையைக் கேட்டால் போதும்.

"அடுத்தது சொல்லுங்கன்றேன்."

குமரன் பக்கத்தைத் திருப்பப் போனான். விரல் நின்றது.

"தப்பு," என்றான். "மறுபடி சொல்லு."