காசி படித்த நாற்பத்தொரு புத்தகங்கள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கோபத்தில் கிடைத்தது. ஊற்று, உந்துதல் என்றெல்லாம் அதற்குப் பெரிய பெயர் வைக்க மாட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். போன் சிணுங்கியது. எங்கள் வாசகர் வட்டத்தின் அறிவிப்பு: ‘இந்த ஆண்டின் சிறந்த வாசகர், பள்ளத்தூர் காசி. படித்தவை நாற்பத்தொரு புத்தகங்கள். வருகிற ஞாயிறு மாலை காரைக்குடியில் பாராட்டு.’

கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. காசியை எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். அவர் கடைசியாகப் படித்தது மிக்சியோடு வந்த கையேடு. அதையும் பாதியில் விட்டுவிட்டார் என்று அவர் மனைவி உமையாள் சொல்வாள்.

உட்காருங்கள் கண்ணுகளா, சொல்கிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பள்ளத்தூரின் பெரிய வீடுகள்மேல் வெயில்—’

வேண்டாம். பெரிய வீடு வந்தால் பின்னாலேயே கேமராவோடு சுற்றுலாக்காரர்கள் வந்துவிடுவார்கள். கதை நிற்க இடமிருக்காது.

அடுத்தது: ‘முருகப்பன் ஒரு கெட்ட—’

அது பொய். முருகப்பன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்று, காரைக்குடிக்குத் திரும்பியவன். எங்கள் வட்டத்துக்குச் சொந்தமாக ஒரு செயலி செய்து கொடுத்தவன். அதில் புத்தகம் படிக்கலாம், பிடித்த வரிக்குக் கோடு போடலாம், ஓரத்தில் குறிப்பு எழுதலாம், அடுத்தவர் குறிப்போடு மல்லுக்கு நிற்கலாம். உலகத்தில் அவனுக்கு அபிப்பிராயம் இல்லாத பொருள் கிடையாது.

“பழைய புத்தக வாசனைன்னு உருகுறாகளே ஆச்சி, அது என்னங்கிறீக? பூஞ்சை! பூஞ்சைய மோந்துட்டு இலக்கியம்கிறாக.”

“வாட்ஸப் குரூப்புல வாசிப்பு வளராது ஆச்சி. அங்க காலை வணக்கந்தான் வளரும்.”

இரண்டும் சரிதான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பொட்டலம் கட்டி வந்த காகிதத்தில் கூட்டிக் கூட்டிப் படித்தே எழுத்து கற்றேன். கண் மங்கியதும் அதுவும் போயிற்று. அவன் செயலியில் எழுத்தைப் பெரிதாக்கலாம். ஒரு வரிக்கு மூன்று சொல்தான் வரும், ஆனால் படுத்துக்கொண்டே படிக்கிறேன். காகிதப் புத்தகத்துக்காக நான் கண்ணீர் விட மாட்டேன்.

பிறகு அவன்மேல் என்ன கோபம்?

3

கோயில் காரியங்களுக்கு எங்கள் நகரத்தார் தலையை எண்ணுவதில்லை. புள்ளியை எண்ணுவோம். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி, பட்டியலில் கணவர் பெயர். துணையை இழந்தவர் அரைப் புள்ளி.* வட்டத்து உறுப்பினர்களை ஒவ்வொருவராகத் தட்டச்சு செய்யச் சோம்பல்பட்ட முருகப்பன், ஊர்ப் புள்ளிப் பட்டியல் கம்ப்யூட்டரில் தயாராக இருக்கிறதே என்று அதை அப்படியே செயலிக்குள் ஏற்றிவிட்டான்.

ஆக, புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரே நுழைவு, ஒரே பெயர். உமையாள் படிப்பாள். காசி படித்ததாக ஏறும்.

* நான் அரைப் புள்ளி. போன வருஷம் பன்னிரண்டு புத்தகம் படித்தேன். செயலி ஆறு என்கிறது. எந்த ஆறு என்று கேட்டேன். இன்னும் பதில் இல்லை.

 வட்டத்து உறுப்பினர் பர்வீன் பானு எங்கள் நகரத்தார் பட்டியலில் இல்லை என்பதால் ‘விருந்தினர்’ என்று சேர்ந்தாள். வட்டத்திலேயே சொந்தப் பெயரில் படிக்கிற கல்யாணமான பெண் அவள் ஒருத்திதான்.

4

அறிவிப்பு வந்த அன்று மாலையே உமையாள் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாள். [அவள் கண்ணோரம் நீர் திரண்டு—] இல்லை, அழவே இல்லை. நான்தான் கதைக்காக அழவைத்துப் பார்த்தேன். அவள் ஒரு முறுக்கை எடுத்து நொறுக்கினாள்.

“பொன்னாடைய இவுகளுக்கே போடட்டும் ஆச்சி, மார்கழிக் குளுருக்கு ஆகும். எனக்கு மேடை வேணாம். ஆனா நாலு வருஷமா நான் எழுதுன குறிப்பு? அம்புட்டும் இவுக பேருல கிடக்கு. ஒரு கதையில, புருஷன் செத்த அன்னைக்குச் சாயங்காலம் ஒருத்திக்குப் பசிக்குது. அது தப்பில்லை, எனக்கும் பசிக்கும்னு ஓரத்துல எழுதுனேன். கீழ பதினேழு பேரு ‘அருமை காசி அண்ணே’ன்னு போட்டுருக்காக!”

சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டேன்: “பர்வீன் மாதிரி தனியாச் சேர்ந்துர வேண்டியதுதானே?”

“கேட்டேனே. பூஜ்யத்துலருந்து தொடங்குங்கிறாரு முருகப்பண்ணன். குறிப்பெல்லாம் இவுக பேருலயே நின்னுருமாம். நான் நெனைச்சது நான் நெனைச்சதா இருக்கணும் ஆச்சி. வேற ஒண்ணும் கேக்கலை.”

உடனே முருகப்பனுக்குப் போன் போட்டேன்.

“ஒரு புள்ளியப் பிரிச்சா அம்புட்டுப் பட்டியலும் கலைஞ்சுரும் ஆச்சி. இதுவரைக்கும் யாராச்சும் குறை சொன்னாகளா? எத்தனை பேரு படிக்கிறாகன்னு செயலி போடுற கிராஃப்ல ஒரு சறுக்கல் காட்டுங்க பாப்போம்!”

“நான் சொல்றேனேடா.”

“ஒருத்தர் சொன்னா அது அபிப்பிராயம். எல்லாரும் செஞ்சாத்தான் ஆச்சி அது உண்மை.”

இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் முந்தானையில் முடிந்துவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

5

முடிவுகள் மூன்று எழுதினேன்.

அ. மேடையில் காசி மைக்கைப் பிடித்து, ‘படித்தது நானில்லை, என் மனைவி’ என்கிறார். அரங்கமே எழுந்து— அடித்துவிட்டேன். காசியிடமே கேட்டதில் அவர் சொன்னது இது: “யாரு படிச்சா என்ன ஆச்சி, புள்ளி ஒண்ணுதானே? அது கெடக்கு, பிடிச்ச புத்தகம் எதுன்னு மேடையில கேப்பாகளாம். ரெண்டு வரி எழுதித் தாடின்னா உமையா மாட்டேங்கிறா.” பாவம், நல்ல மனிதர். வில்லனாக வளைத்துப் பார்த்தேன், வளையவில்லை.

ஆ. உமையாள் பூஜ்யத்திலிருந்து புதிதாகத் தொடங்குகிறாள். துணிச்சலான முடிவு, கை தட்டுவார்கள். ஆனால் நாலு வருஷ யோசனையைக் கழற்றிப் போட்டுவிட்டு வா என்று அவளிடம் சொல்ல நான் யார்? காணாமல் போன என் ஆறு புத்தகத்தையே என்னால் விட முடியவில்லை.

இ. முருகப்பன் மனம் மாறுகிறான். எப்படி? கதையில் ஒருவன் மனம் மாற மழை கொட்ட வேண்டும், அல்லது யாராவது சாக வேண்டும். காரைக்குடியில் மழையைக் காணோம். சாகிற உத்தேசம் எனக்கில்லை.

6

இப்போது கொஞ்சம் கிட்டே வாருங்கள்.

இந்தக் கதையை நீங்கள் படிப்பது அதே செயலியில்தான். முருகப்பன் எதையும் படித்துப் பார்த்து வெளியிடுகிறவன் இல்லை, எத்தனை சொல் என்று மட்டும் பார்ப்பான். ஆனால் வெளியான பிறகு, யார் எந்தப் பத்தியில் கொட்டாவி விட்டுக் கிளம்பினார்கள் என்று அவனுக்கு ஒரு கோடு காட்டும். அந்தக் கோடு சொன்னால் நம்புவான்.

கடைசி வரியைத் தொட்டால் ‘படித்து முடித்தார்’ என்று விழும். யார்? உங்களில் பாதிப் பேர் கணவர் பெயரில் உள்ளே வந்திருக்கிறீர்கள். நீங்கள் இதை முடித்தால், இந்த நிமிஷம் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கும் அவர்தான் இதையும் படித்தார்.

ஏழாம் பகுதி என்று ஒன்று கீழே இருக்கிறது. அதைப் படிக்காதீர்கள்.

கதை சொல்லிப் பிழைக்கிற வாயால் இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இங்கேயே மூடிவிடுங்கள். வட்டத்து நூற்றுப் பத்துப் பேரும் ஒரே வரியில் நின்றால், நாளைக் காலை அவன் கோடு நேராக வந்து இந்த இடத்தில் கிணற்றில் விழுந்ததுபோல் விழும். எல்லாரும் செய்தால்தான் உண்மை என்றவன் அவன்தானே?

இன்று வியாழன். ஞாயிற்றுக்கிழமை மேடையில் எந்தப் பெயரைக் கூப்பிடுவார்கள் என்று நான் எழுதப்போவதில்லை. அது உங்கள் கட்டைவிரலில் இருக்கிறது. விரலை எடுங்கள், கண்ணுகளா.

7

வா முருகப்பா. தனியாகத்தான் வந்திருக்கிறாயா?